அண்டை நகரை அறிவோம்

விடுமுறை வந்துவிட்டால், எங்கே செல்வது என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுகின்றது. ஒருவர் ஊட்டி என்பார். மற்றொருவர் கொடைக்கானல் என்பார். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் அனுப்பிய படங்களைக் கண்டு, ஜெர்மனியின் பழம்பெரும் நகரங்களைப் பற்றி வியந்து பேசுவாரும் உண்டு. ஆனால் ஆலங்குளத்துக் குடும்பங்கள் காலையில் சென்று மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் இருக்கின்றன. நீதிமன்ற வழக்கு, மருத்துவம், திருமண ஜவுளி என்று அங்குப் பலமுறை செல்கின்றோம். காரியம் முடிந்ததும் பேருந்து நிலையத்திற்கு விரைகின்றோம். அந்நகரங்களுக்குச் சென்றிருக்கின்றோம்; அவற்றைக் கண்டிருக்கின்றோமா?

பெற்றோரே, ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். காண வேண்டியவை வழியிலேயே தொடங்கிவிடுகின்றன. சத்திரப்பட்டியில் தறிகளின் ஓசை கேட்கும். காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி இங்கே நெய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றது. விழுந்து முழங்காலில் கட்டுப்போட்ட சிறுவனுக்கு அத்துணி பிறந்த இடத்தைக் காட்டுவது நல்ல பாடமன்றோ? இராசபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலையை நிறுவினார். இவ்வூர்ப் பெயர் தாங்கிய வேட்டை நாய்க்கு, 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது.

அங்கிருந்து சிறிது நேரத்தில் திருவில்லிபுத்தூரை அடையலாம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தமிழ் வளர்த்த ஊர் இது. பதினொரு நிலைகளுடன் ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கும் கோபுரமே தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் உள்ளது என்று பரவலாகச் சொல்லப்படுகின்றது. ஆண்டாளின் கையில் வைக்கப்படும் கிளி, நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்யப்படுவதாகும். பிற சமயத்தாரின் கோயிலை நாம் காணலாமா என ஐயுறுவார்க்கு ஒரு சொல்: பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. ஆகவே, அவ்விடத்து முறைமைகளை மதித்து, அடக்கத்தோடு காண்பது தகும். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே செல்வது நலம்.

இனி, கடைவீதிக்கு வருவோம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், தேனும் மணப்பொருள்களும் சேர்த்துச் சுடும் லெப்கூகன் என்னும் பண்டம் புகழ்பெற்றது. அந்நகருக்குள் செய்யப்படுவது மட்டுமே அந்நகரின் பெயரைத் தாங்கலாம் என்று 1996 முதல் ஐரோப்பியச் சட்டம் அதனைக் காத்து வருகின்றது. நம் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து, விறகடுப்பின் அனலில் நின்று கைவிடாமல் கிளறி ஆக்கப்படுவது அது.

எனினும், சட்டம் பெயரைத்தான் காக்கும். தொழிலைக் காப்பவர் வாங்குவோரே. பேருந்து புறப்படும் அவசரத்தில், பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து, எது மலிவோ அதனை வாங்கிச் செல்கின்றோம். கலப்படம் செய்வாரை வளர்ப்பது இந்த அவசரமே. அடுப்பு எரியும் கடையைத் தேடிச் செல்லுங்கள். என்று செய்தது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் எனக் கேளுங்கள். நேர்மையாகச் செய்பவர் மகிழ்ந்து விடை கூறுவார். அவர் கேட்கும் விலையில் அவருடைய வியர்வையும் அடங்கியிருப்பதை மறவாதீர்கள். அருகிலுள்ள சுந்தரபாண்டியத்துக் கைத்தறிச் சேலைக்கும் இதுவே பொருந்தும். நெய்பவரின் பிள்ளை நாளைத் தறியில் அமர்வதும் அமராததும் இன்று நாம் கொடுக்கும் விலையைப் பொறுத்தது.

மாலையில் இளைப்பாற, மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு உள்ளது. சாம்பல் நிற மலை அணிலைக் காக்க 1988-இல் இக்காடுகள் சரணாலயமாயின. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. வனத்துறையினர் அனுமதிக்கும் நேரத்தையும் எல்லையையும் முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள். விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதும், நெகிழிப் பைகளை எறிந்துவிட்டு வருவதும் கூடாது. நாம் அங்கே விருந்தினர். வீட்டுக்காரர் அந்த அணில்களே.

வீடு திரும்பிய பின், இரவு உணவின்போது பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாம் கண்டதொன்றைச் சொல்லட்டும். கிளியைச் சொல்வான் ஒருவன். தறியைச் சொல்வாள் ஒருத்தி. செலவு சிறிது, பயனோ பெரிது. அயலாரை அன்பு செய்யக் கட்டளை பெற்றவர்கள் நாம். அவர்கள் என்ன நெய்கின்றனர், என்ன சமைக்கின்றனர், எதைப் போற்றுகின்றனர் என்பதை அறியாமல் அவர்களை அன்பு செய்வது எங்ஙனம்? வரும் விடுமுறையில் அண்டை நகரிலிருந்தே தொடங்குங்கள்.