நெருக்கிடத்தில் பாரந் தூக்குதல்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் ஊடாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள சண்டிலிப்பாய், கல்வளைப் பிள்ளையார் கோயிலாலும் சீரணி நாகபூசணி அம்பாள் கோயிலாலும் பெயர் பெற்ற ஊர். குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் தோட்டப் பயிர்ச்செய்கை கிணற்றை நம்பியே வளர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னர், ஆடுகாலின் மேற் கிடந்த துலாவே கிணற்று நீரைத் தோட்டத்திற்கு அனுப்பியது. துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடந்த மனிதனின் நிறை, ஆடுகாலிலிருந்து அவன் விலகிச் செல்லுந்தோறும் வலுப்பெற்றது. சிறிய விசையைக் கொண்டு பெரிய பாரத்தை வெல்லலாம் என்ற நெம்புகோற் பாடத்தை அவ்வூர் மக்கள் பள்ளிக்கூடத்திற் கற்பதற்கு முன்னரே கிணற்றடியிற் கற்றிருந்தனர்.

துலா மறைந்த இடத்தில் எண்ணெய் இயந்திரமும் மின்மோட்டாரும் வந்தன. நெல்லும் மாவும் அரைக்கும் ஆலைகளும், உழவு இயந்திரங்களும் பெருகின. இவற்றோடு புதிய கவலையொன்றும் வந்தது. இயந்திரம் ஓடும்வரை அதன் நிறையை எவரும் நினைப்பதில்லை. அடித்தளத்து மரையாணி அறுந்தாலோ, இயந்திரம் ஒருபுறம் சரிந்தாலோ, தாங்கியொன்று தேய்ந்தாலோ அப்பொழுதுதான் நிறை நினைவுக்கு வருகிறது. இரண்டு தொன் நிறையுள்ள இரும்பை நான்கு விரற்கடை உயரத்திற்குத் தூக்க வேண்டும். ஒருபுறம் சுவர்; மறுபுறம் பட்டி ஓடும் சில்லு; மேலே தாழ்ந்த கூரை. கோயில்களின் தேர்க்கொட்டகையிலும் இதே நிலைதான். தேரின் அச்சையும் சில்லையும் பழுது பார்க்க விரும்புபவர், பெரும் பாரத்தின் கீழே, குனிந்து மட்டும் நுழையக்கூடிய இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

முன்னாளில் அலவாங்குகளும் பனங்குற்றிகளும் பத்துப் பேரின் தோள்களும் இத்தகைய வேலையைச் செய்தன. வெளியான இடத்தில் அம்முறை இன்றும் பயன்படும். நெருக்கிடத்திலோ பத்துப் பேர் நிற்க இடமில்லை; அலவாங்கு வழுவினால் விலகியோட வழியுமில்லை. முக்காலி நாட்டிக் கப்பியிற் சங்கிலி கோத்துத் தூக்குவதற்கு மேலே உயரம் வேண்டும். மேலேயிருந்து தூக்க இயலாத பாரத்தைக் கீழேயிருந்து உயர்த்துவதொன்றே வழி. அதற்கான கருவியையே பட்டறைகளில் ‘ஜக்’ என்பர். எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கும் ஜக்கைப் பாடநூல்கள் நீரியல் உயர்த்தி என்று கூறும்.

இக்கருவியின் தத்துவத்தைப் பிரான்சிய அறிஞர் பஸ்கால் விளக்கினார். 1662 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டில் அந்நூல் வெளியாயிற்று. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அமுக்கத்தை ஏற்படுத்தினால், அவ்வமுக்கம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதே அத்தத்துவம். அதனைப் பயன்படுத்தி 1795 இல் இங்கிலாந்தில் யோசப் பிரமா நீரியல் அழுத்தியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். கையால் எடுத்துச் செல்லத்தக்க நீரியல் ஜக்குக்கு நியூயோர்க்கைச் சேர்ந்த றிச்சாட் டட்ஜன் 1851 இல் காப்புரிமை பெற்றார். 1858 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இலண்டன் தேம்ஸ் நதிக்கரையில் நகர மறுத்து நின்ற ‘கிரேட் ஈஸ்டேண்’ என்னும் மாபெரும் இரும்புக் கப்பலை நீரில் இறக்க இத்தகைய நீரியற் கருவிகளே உதவின.

ஜக்கின் உள்ளே இரண்டு உருளைகள் உள்ளன. ஒன்று சிறியது, மற்றது பெரியது. ஒவ்வொன்றிலும் ஒரு முசலம் இயங்குகிறது. சிறிய முசலத்தின் பரப்பு ஒரு சதுர சென்ரிமீற்றர் என்றும், பெரியதன் பரப்பு நாற்பது சதுர சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். கைபிடி பத்து மடங்கு நெம்புகோலாக அமைந்திருக்கிறது. ஒருவர் அதனை 25 கிலோகிராம் நிறையளவு அழுத்தினால், சிறிய முசலத்தின் மேல் 250 கிலோகிராம் தாக்கும். அதே அமுக்கம் நாற்பது மடங்கு பரப்பின் மேற் செயற்படும்போது, பெரிய முசலம் 10,000 கிலோகிராமை, அதாவது பத்துத் தொன்னை, உயர்த்தும். துலாவின் நெம்புகோலும் பஸ்காலின் திரவமும் இங்கே ஒன்றாகின்றன.

ஆயினும் இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. விசையிற் பெற்ற இலாபத்தைத் தூரத்திற் செலுத்த வேண்டும். சிறிய முசலம் இரண்டு சென்ரிமீற்றர் இறங்கும்போது பெரியது அரை மில்லிமீற்றர் மட்டுமே எழும். பாரத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் உயர்த்த இருநூறு முறை கைபிடியை அடிக்க வேண்டும். இம்மந்தகதி ஒரு குறையன்று. நெருக்கிடத்தில் பாரம் மெதுவாக எழுவதே நலம்.

ஜக்கைத் தெரிவு செய்பவர் முதலில் அறிய வேண்டியது பாரத்தின் நிறை. பெரும்பாலான இயந்திரங்களில் நிறையைக் குறித்த தகடு உண்டு. அது தேய்ந்துபோயிருந்தால் கன அளவைக் கொண்டு மதிப்பிடலாம். வார்ப்பிரும்பு ஒரு கனமீற்றர் ஏறக்குறைய 7.2 தொன் நிறையுள்ளது. கொங்கிறீற்று ஏறக்குறைய 2.4 தொன். இயந்திரத்தின் ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் பாதி நிறையே ஜக்கின் மேல் விழும் என்று பலர் எண்ணுவர். நிறை நடுவில் இருந்தால் அது சரி. பாரச் சில்லு பொருத்திய பக்கமோ மற்றப் பக்கத்தைக் காட்டிலும் கனமானது. துருப்பிடித்த மரையாணியும் சீமெந்துப் பிடிப்பும் விடுபடும்வரை மேலதிக விசையைக் கேட்கும். ஆகையால் ஜக்கின் மேற் பொறித்த அளவில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேற் சுமத்தலாகாது என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் விதி. நான்கு தொன் பாரத்திற்கு ஐந்து தொன் ஜக் மிகக் குறைந்த எல்லை. பத்துத் தொன் ஜக் மனநிறைவு தரும்.

நான்கு மூலைகளில் நான்கு ஜக்குகளை வைத்து உயர்த்தும்போது இன்னுமோர் எச்சரிக்கை தேவை. சமமில்லாத தரையில் வைத்த நாற்கால் மேசையொன்றை நோக்குக. அதன் ஒரு கால் அந்தரத்தில் நிற்க, ஏனைய கால்கள் பாரத்தைச் சுமக்கின்றன. ஜக்குகளில் ஒன்று சற்றே பின்தங்கினாலும் அதன் பங்கு மற்றவற்றின் மேல் விழும். எனவே மொத்த நிறையை நான்காற் பிரித்து அந்த அளவிலேயே ஜக் வாங்குவது பெருந் தவறு.

இரண்டாவது, இடைவெளியின் உயரம். நெருக்கிடத்து வேலை பெரும்பாலும் இங்கேதான் தடைப்படுகிறது. கடையில் வாங்கிய ஜக் வேலைத்தலத்திற்கு வந்தபின் இயந்திரத்தின் கீழே நுழைய மறுக்கும். ஜக்கின் உயரத்தோடு, அதன் கீழே வைக்கும் பலகையின் தடிப்பையும், மேலே வைக்கும் உருக்குத் தகட்டின் தடிப்பையும் கூட்டியே இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். கண்மதிப்பு இங்கே போதாது. அளவுகோலால் மில்லிமீற்றர் கணக்கில் அளத்தல் வேண்டும்.

வழக்கமான போத்தல் வடிவ ஜக் மலிவானது, வலியது. ஆனால் மூடிய நிலையிலேயே ஏறக்குறைய ஒரு சாண் உயரமுடையது. அந்த உயரம் கிடைக்காத இடத்திற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பாதத்தில் நாக்குப்போல ஒரு தகடு நீட்டியிருக்கும் ஜக். அந்நாக்கைச் சில சென்ரிமீற்றர் இடைவெளியினுட் செலுத்திப் பாரத்தை உயர்த்தலாம். இவ்வகையிற் சிலவற்றில் நாக்கு தாங்கும் நிறை தலை தாங்கும் நிறையிற் பாதியே. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் அவசியம். இரண்டாவது, தட்டையான உருளை. பத்துத் தொன் தூக்கும் உருளைகளில் ஐந்து சென்ரிமீற்றருக்கும் குறைந்த உயரமுடையனவும் உண்டு. ஆயின் அவை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே எழும். மூன்றாவது வழி, அடித்தளத்தின் ஓரத்தைச் சிறிது வெட்டி ஜக்குக்கு இடஞ் செய்தல். அவ்வாறு செய்யுமிடத்து அடித்தளம் வலுவிழக்குமா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

மூன்றாவது, கைபிடி ஆடுவதற்கும் அதனை அடிப்பவர் இருப்பதற்கும் உள்ள இடம். போத்தல் ஜக்கின் கைபிடி மேலும் கீழுமாக ஆட வேண்டும். இயந்திரத்தின் அடியிலே படுத்துக்கொண்டு அதனை அடிப்பவர் தம் உயிரை எண்ணெயிடம் ஒப்படைக்கிறார். பம்பியையும் உருளையையும் வேறாக்கி, நீண்ட குழாயால் இணைத்த அமைப்பு இவ்விடத்திற் சிறந்தது. உருளை பாரத்தின் கீழே இருக்கும். அடிப்பவர் சில அடி தூரத்தில், வாசலை நோக்கி அமர்ந்திருப்பார். விலை கூடியதெனினும், நெருக்கிடத்தில் அடிக்கடி வேலை செய்யும் பட்டறைக்கு அது வீண்செலவன்று. மேலும், போத்தல் ஜக்குகளிற் பல நிமிர்ந்த நிலையில் மட்டுமே சரியாக இயங்கும். சாய்த்தால் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று உள்ளே புகும். வேறான உருளையோ எத்திசையிலும் தள்ளும்.

நான்காவது, ஜக் நிற்கும் நிலம். ஐந்து தொன் பாரம் பத்துச் சென்ரிமீற்றர் சதுரமான பாதத்தின் வழியே நிலத்தை அடைந்தால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 50 கிலோகிராமைத் தாங்க வேண்டும். மண் அதனைத் தாங்காது. ஜக் ஒருபுறம் புதைந்து சாயும். ஐம்பது சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பலகையைக் கீழே இட்டால் அதே பாரம் சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு கிலோகிராம் ஆகிவிடும். பாலை, முதிரை போன்ற வைர மரங்களே இதற்கு ஏற்றவை. மெல்லிய பலகை நடுவில் வளைந்து பயனற்றுப்போகும்.

வலிகாமத்தில் ‘கீழே கல்தானே’ என்று கூறி நிலத்தை நம்பிவிடுதல் எளிது. குடாநாட்டின் அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதனைக் கரைத்து உட்குகைகளை உண்டாக்குகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அத்தன்மைக்குச் சான்றுகள். ஆகவே பெரும் பாரத்தை உயர்த்துமுன் தரையை அலவாங்கால் தட்டிப் பார்ப்பதும், பாரத்தைச் சிறிது உயர்த்திச் சற்று நேரம் நிறுத்தி நிலம் இறங்குகிறதா என நோக்குவதும் அறிவுடைமை.

இத்தனையும் அறிந்து ஜக்கைத் தெரிந்தெடுத்தவரும் மறக்கக்கூடாத விதி ஒன்றுண்டு. ஜக் பாரத்தை உயர்த்துவதற்குரியது, தாங்கி நிற்பதற்குரியதன்று. பாரத்திற்கும் கீழேயுள்ள மனிதனுக்கும் இடையில் நிற்பது ஓர் அடைப்பு வளையமும், ஒரு சிறு வால்வுமே. வளையம் கிழிந்தாலும், வால்வில் மணல் ஒன்று சிக்கினாலும், எண்ணெய் வெளியேறும், பாரம் இறங்கும். ஆகையால் ஒரு விரற்கடை உயர்ந்தவுடன் ஒரு விரற்கடை மரக்கட்டையைப் பாரத்தின் கீழே செருக வேண்டும். மேலும் உயர்ந்தால் மேலும் ஒரு கட்டை. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் அவை சரியா. கட்டைகளைச் செருகும்போதும் கை பாரத்தின் கீழே செல்லாதவாறு கோலொன்றாற் தள்ளுதல் வேண்டும். பாரம் கட்டைகளின் மேல் அமர்ந்தபின்னரே மனிதன் கீழே செல்லலாம்.

நெடுநேரம் தாங்கி நிற்க வேண்டிய வேலைக்குத் திருகு ஜக் உண்டு. முசலத்தில் பூட்டு வளையம் பொருத்திய நீரியல் உருளையும் உண்டு. தமிழ்நாட்டிலே, வெள்ளத்திற்குத் தாழ்ந்த வீடுகளை அத்திவாரத்தோடு பிரித்து உயர்த்துவோர் நூற்றுக்கணக்கான திருகு ஜக்குகளை வரிசையாக வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். திருகுக்கு எண்ணெய் இல்லை. ஆகவே கசிவும் இல்லை.

பராமரிப்பைப் பற்றியும் சில சொற்கள் கூறல் வேண்டும். ஜக்குக்குரிய நீரியல் எண்ணெயையே அதனுள் ஊற்ற வேண்டும். வாகனத் தடுப்புக்குரிய திரவம் அடைப்பு வளையங்களைக் கெடுக்கும். குடாநாட்டின் உப்புக் காற்று முசலத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய முசலம் ஏறி இறங்குந்தோறும் வளையத்தைக் கீறும். வேலை முடிந்ததும் முசலத்தை முழுவதும் இறக்கித் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஜக் பல்லாண்டு உழைக்கும். இரவல் வாங்கிய ஜக்கைப் பாரத்தின் கீழே வைக்குமுன், சிறிய பாரமொன்றைத் தூக்கிக் கால்மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது தானாக இறங்கினால் அந்த ஜக் வேலைக்கு உதவாது.

ஆலைச் சொந்தக்காரருக்கு ஒருநாள் ஓட்டம் நின்றால் நட்டம். திருவிழா நெருங்கினால் கோயிற் பரிபாலகருக்கு அவசரம். இவ்வவசரத்தின் நடுவில், கட்டை வைக்க நேரமில்லையென்று கூறி இயந்திரத்தின் கீழே நுழைபவர் பெரும்பாலும் பட்டறையின் இளம் பையனாகவே இருப்பான். அவனை நிறுத்தி, ‘முதலிற் கட்டையை வை, தம்பி’ என்று கூறும் மூத்தவர் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். ஜக்கைத் தெரிவு செய்யும் அறிவு அவருடைய அந்தச் சொல்லோடு சேர்ந்தே நிறைவு பெறும்.