களைப்புக்கு மருந்தா இந்தக் கண்ணாடி?

சென்ற தவணை விடுமுறையில் என் தம்பியின் மகன் டோஹாவிலிருந்து லீவில் வந்தான். கூடவே ஒரு விஆர் ஹெட்செட்டும் வந்தது. "மாமி, ஒருக்காப் போட்டுப் பாருங்க. ஸ்கூல் களைப்பெல்லாம் பறந்துரும்" என்றான்.

போட்டேன். வீட்டு முன் அறையில் இருந்தபடியே ஓர் ஏரிக்கரையில் இருந்தேன். ஒப்படைகள் இல்லை, பாடசாலை வட்ஸ்அப் குழு இல்லை. கழற்றியபோது தரம் 10 விடைத்தாள்கள் மேசையில் அப்படியே கிடந்தன. ஏனோ அழுகை வந்துவிட்டது. அதன் பிறகுதான் இவ்விரண்டையும் பற்றித் தேடி வாசித்தேன்.

'பர்ன்அவுட்' என்பதை நாம் சாதாரண களைப்பு என்றே நினைக்கிறோம். களைப்பு நன்றாகத் தூங்கினால் போய்விடும், இது போகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தெளிவாக வரையறுத்தது. இது நோயல்ல, வேலைத்தளத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால மன அழுத்தத்தின் விளைவு. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப் போதல், வேலையில் மனம் ஒட்டாமல் போதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். ஆசிரியர்களுக்கு ஆபத்தானது இரண்டாவதுதான். ஒரு கணக்கை இரண்டாம் முறை கேட்ட பிள்ளையிடம் "விளங்காட்டி விடு" என்று சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் அப்படிச் சொன்ன ஆசிரியர்களைக் கண்டு கோபப்பட்டவள் நான்.

ஹெட்செட் செய்யும் வேலை சிக்கலானதல்ல. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழமுள்ள உலகமாகக் காண்கிறது. தலையைத் திருப்பினால் உணரிகள் அதை அறிந்து படத்தையும் உடனே திருப்புகின்றன. கண் அசைவைக் காண, உட்காது அசைவை உணராதபோது சிலருக்குக் குமட்டும். (எனக்குக் குமட்டவில்லை, தம்பி இரண்டு நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டான்.) கைத்தொலைபேசியில் படம் பார்க்கும்போது ஓரக்கண்ணில் வீடு தெரியும். இதில் தெரியாது. களைத்த மனத்தை இழுப்பது அதுதான்.

இது வெறும் ஏமாற்று என்றும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹொஃப்மன் என்பவரும் சகாக்களும் 'ஸ்னோவேர்ல்ட்' என்ற விஆர் விளையாட்டை உருவாக்கினார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்வது தாங்க முடியாத வேதனை. அந்நேரம் இதை மாட்டிவிட்டால், பனிப் பள்ளத்தாக்கில் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார்கள். கவனம் அங்கே போவதால், உணரும் வலி குறைகிறது. ஆனால் அதே நேரத்தில் தாதியர் புண்ணைக் கழுவி மருந்து கட்டுகிறார்கள். நான் ஏரிக்கரையில் இருந்த நேரம் என் புண்ணை யாரும் கழுவவில்லை.

பர்ன்அவுட் பற்றிப் பல்லாண்டு ஆய்வு செய்த கிறிஸ்டினா மஸ்லாக், ஊழியரை விட வேலைத்தளத்தையே அதிகம் பார்க்கச் சொல்கிறார். வேலைச் சுமை, சுயமாகத் தீர்மானிக்கும் வாய்ப்பு, மதிப்பு, சக ஊழியருடனான உறவு, நியாயம், விழுமியம் ஆகியவற்றில் எது பிழைத்திருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. எங்கள் ஓய்வறையில் இதைக் கேட்டபோது கூடுதலானோர் சொன்னது, இரவு பத்து மணிக்கு வந்து காலைக்குள் விபரம் கேட்கும் வட்ஸ்அப் செய்திகளைத்தான். நான்கு பேர் சேர்ந்து அதிபரிடம் போனோம். இப்போது ஆறு மணிக்குப் பின் அவர் அனுப்புவதில்லை. மேலிடத்திலிருந்து வருவது இன்னும் வருகிறது.

மருமகனிடம், இவ்வளவு காசு கொடுத்து இதை ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். அவன் களஞ்சியசாலையில் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்கிறான். "ரூமில ஆறு பேர், மாமி. இதப் போட்டாத்தான் எனக்கெண்டு ஒரு இடம்" என்றான். திரும்பிப் போகும்போது கைப்பொதியில் அதைத்தான் முதலில் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.