மிஞ்சிய உணவுக்கு ஒரு லாரி

மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் கால்வாசி சாப்பிடக்கூடிய நிலையில் இருப்பது என்பது திடக்கழிவுக் கழகத்தின் கணக்கு. அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம் பயம். சாப்பிட்டவருக்கு வயிற்றைக் கெடுத்துவிட்டால் வழக்குக்கு யார் அலைவது? 2020-ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்தக் காரணம் செல்லாது. கைமாறும் நேரத்தில் உணவு உண்ணத் தக்கதாக, சுகாதார விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். பின்னால் நேர்வதற்குக் கொடுத்தவர் பொறுப்பாக மாட்டார். அமெரிக்காவில் 1996 முதலே இத்தகைய சட்டம் உண்டு.

இருந்தும் மெர்சிங் போன்ற சிற்றூரில் உணவு கைமாறுவது எளிதல்ல. தடை போக்குவரத்து. சமைத்த சோறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரவு பத்து மணிக்கு மிஞ்சும் பிரியாணியை யார் வந்து எடுப்பது? ஆகவே சமைத்ததை விட்டுவிட்டு, கெடாத சரக்கிலிருந்து தொடங்கலாம் என்பேன். இந்த ஊருக்கு அதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. தியோமான் தீவுக்குப் படகேறும் துறை இது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் படகுகள் குறையும், தீவு விடுதிகள் பலவும் மூடப்படும். அப்போது அரிசியும் எண்ணெயும் டின் மீனும் மிஞ்சும். அதே கடல்தான் சிறு மீனவர்களின் படகுகளையும் ஆற்றோரம் கட்டிப்போடுகிறது. சரக்கு மிஞ்சும் வாரமும் வருமானம் நிற்கும் வாரமும் ஒன்றாகவே வருகின்றன.

இலவசமாகக் கிடைத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கடைக்காரர் கேட்கலாம். கடலுக்குப் போகாத நாளில் கையில் காசில்லாதவர், அன்றைக்கு எப்படியும் அவருடைய வாடிக்கையாளர் அல்ல. எச்சில் சோற்றை ஏழைக்குத் தள்ளுவதா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் பேச்சு தட்டில் மிஞ்சியதைப் பற்றியதல்ல, பிரிக்காத பொட்டலத்தைப் பற்றியது. மீனவரின் மழைக்கால வருமானத்துக்கு அரசே வழி செய்ய வேண்டும் என்பதுதான் கனமான ஆட்சேபம். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விடுதிக்காரர் தரும் அரிசி உதவித்தொகைக்கு ஈடாகாது. அதற்காக இந்த நவம்பரில் அரிசியைக் கொட்டத் தேவையில்லை. 2016 முதல் பிரான்ஸ் பெரிய பேரங்காடிகளைத் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போடக் கட்டாயப்படுத்துகிறது. மெர்சிங்கின் சின்ன மளிகைக் கடைகளுக்கு அப்படியொரு சட்டம் அதிகப்படி. விடுதிகள் மூடும் வாரத்தில் மாவட்ட மன்றம் படகுத்துறையில் ஒரு லாரியை நிறுத்தி, தேதியை ஒரு மாதம் முன்பே விடுதிகளுக்குச் சொல்லிவிடட்டும்.