பாதி வீடு கட்டிவிட்டு பெண்ணுக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை! தூக்கணாங்குருவி கூட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

ஆரணி பக்கம் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் தேசூரும் ஒன்று. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பனைமரங்களில் இன்னொரு நெசவாளியும் உண்டு. தறி கிடையாது, கூலி கிடையாது, டிசைன் போட்டுக் கொடுக்கவும் ஆள் இல்லை. இருப்பது ஒரே ஒரு அலகுதான்.

ஆமாம், தூக்கணாங்குருவி. குறுந்தொகையின் 374-ஆம் பாடலிலேயே பனைமரத்தில் தொங்கும் இதன் கூடு வந்துவிடுகிறது. அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் அந்தக் கூட்டுக்குப் பின்னால் நடக்கும் 'பெண் பார்க்கும் படலம்' பலருக்கும் தெரியாது. சரியாகச் சொன்னால், அது மாப்பிள்ளை வீடு பார்க்கும் படலம்.

நெய்வது யார்?

ஆண் குருவி. மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் பார்க்க ஊர்க்குருவி மாதிரியே இருக்கும். மழை தொடங்கி, நெல்லும் புல்லும் உயரமாக வளர்ந்ததும் ஆணின் தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். அதன்பிறகு வேலை ஆரம்பம்.

நெல் இலை, புல், பனை ஓலை, தென்னை ஓலை என எது கிடைத்தாலும் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு போடும். அந்த நுனியைக் கவ்விக்கொண்டு பறந்தால் 20 முதல் 60 செ.மீ. நீளத்துக்கு நார் உரிந்து வரும். இப்படி ஒரு கூட்டுக்கு 500 முறை வரை பறக்க வேண்டியிருக்கும். முழுக் கூடு முடிய சுமார் 18 நாள் ஆகும்.

ஆனால், அது ஒரே மூச்சில் முழுசாகக் கட்டாது. ஏறக்குறைய எட்டு நாளில், ஹெல்மெட்டைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு வடிவம் வந்ததும் நிறுத்திவிடும். உள்ளே முட்டை வைக்கும் அறையும் முழுசாக இருக்காது, நுழைவுக் குழாயும் இருக்காது. அந்த நிலையில் கூட்டில் தொங்கியபடி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு பாட ஆரம்பிக்கும். ஒரே மரத்தில் இருக்கும் ஆண்கள் எல்லாம் கோரஸாகப் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? "சிட் சிட்" என்று தொடங்கி, ஒரு நீண்ட "ச்சீ..."யில் முடியும். "வீடு ரெடி, வந்து பாருங்க" விளம்பரம்தான் அது.

பெண் வரும், உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்கலைன்னா? அடுத்த கூட்டுக்குப் போய்விடும். அப்படி யாருக்கும் பிடிக்காமல் போன பாதிக் கூடுகள் ஹெல்மெட்டாகவே மரத்தில் நின்றுவிடும். அடுத்த முறை பனையை அண்ணாந்து பார்க்கும்போது கவனியுங்கள்: நீளமாகக் குழாய் தொங்கினால் கல்யாணம் ஆன வீடு, குழாய் இல்லையென்றால் நம்ம சிங்கிள் பசங்க கதை.

ஜோடி சேர்ந்த பிறகு பெண் 2 முதல் 4 முட்டை இடும். 14 முதல் 17 நாள் அடைகாப்பது அதன் வேலை. ஆண் என்ன செய்யும்? பக்கத்திலேயே அடுத்த ஹெல்மெட்டை நெய்யப் போய்விடும், அடுத்த பெண்ணுக்காக. இதைக் கவனித்து எழுதியவர் சாலிம் அலி. 1930-ல் வேலை இல்லாமல் இருந்தபோது, மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்த தூக்கணாங்குருவிக் காலனியை நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஒரே ஆண் அடுத்தடுத்து கூடு கட்டி, அடுத்தடுத்து ஜோடி சேர்வதை 1931-ல் கட்டுரையாக வெளியிட்டார். இந்தியப் பறவையியலில் அது முக்கியமான கட்டுரை.

நெசவா, இடமா?

இவ்வளவு அழகாக நெய்வது பெண்ணைக் கவரத்தான் என்று தோன்றும். சுஹேல் குவாடர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பெண் குருவிகள் நெசவு நேர்த்தியைவிட, கூடு எங்கே தொங்குகிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கின்றன என்பது அவருடைய முடிவு. உயரமான இடமா, தாங்கும் கிளை உறுதியானதா, முள்மரமா என்பதே கேள்வி. நல்ல இடத்துக் கூட்டில் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சென்ட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஏரியா எது என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரிதான்!

இங்கேதான் பனை வருகிறது. நெட்டை மரம், பாம்பு ஏறுவது சுலபமில்லை, ஓலை நுனியில் தொங்கும் கூட்டை எட்டுவது அதைவிடக் கஷ்டம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்காத கிழக்குப் பக்கமாகப் பார்த்துக் கூடு கட்டுவதும், கிணற்றுக்கோ ஏரிக்கோ மேலே தொங்கவிடுவதும் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. தேசூரிலிருந்து அதிக தூரமில்லாத திண்டிவனம் வட்டாரத்து வயல்வெளிகளிலும் இந்தக் குருவியின் கூடு கட்டும் பழக்கம் பற்றித் தனி ஆய்வே நடந்திருக்கிறது.

பனை போனால்?

தூக்கணாங்குருவி அழியும் பட்டியலில் இல்லை. தென்னை, ஈச்சை, கருவேலம், சில இடங்களில் மின்கம்பி என்று எதிலாவது சமாளித்துக்கொள்ளும். அதனால் "நாளைக்கே காணாமல் போய்விடும்" என்ற ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம். ஆனால் சமாளிப்பது வேறு, குஞ்சு பொரித்து வளர்ப்பது வேறு. தென்னையில் தேங்காய் பறிக்க அடிக்கடி ஆள் ஏறுவார், மட்டை கழித்தால் கூடும் சேர்ந்து விழும். செங்கல் சூளைக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் பனையை வெட்டினால், ஆண் குருவி எவ்வளவு நன்றாக நெய்தாலும் பெண்ணுக்குக் காட்ட நல்ல 'ஏரியா' இருக்காது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது, பனை விதை விநியோகமும் அப்போதே அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இன்று விதைத்த பனை கூடு தாங்கும் உயரத்துக்கு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். நிற்கிற மரத்துக்கு ஈடு அது இல்லை.

இன்னொரு விஷயம், வீட்டு அலங்காரத்துக்குக் கூட்டைப் பறித்து விற்பது. பட்டியலில் உள்ள பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதுகூட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி 'வேட்டை' என்ற வரையறைக்குள் வருகிறது. "காலிக் கூடுதானே?" என்று கேட்கலாம். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் சில்லைக் குருவிகள் குடியேறி முட்டையிடும். கீழே நின்று பார்த்தால் அது காலியா இல்லையா என்று தெரியாது.