குடற்பைக்குத் துணைபுரியும் மருந்து

பெருங்குடற்புண் நோய் முற்றி மருந்துக்கு அடங்காதபோது, பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றிவிடுவது உண்டு. முன்பெல்லாம் இந்நோயாளிகள் வயிற்றில் துளையிட்டு, மலத்தை வெளிப்பை ஒன்றில் ஏந்தியே வாழ வேண்டியிருந்தது. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்னும் மருத்துவர்கள் புதுவழி ஒன்றை வெளியிட்டனர். சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்துப் பையாக்கி, அதைக் குதத்துடன் இணைத்தனர்.

ஆனால், நீரை உறிஞ்சப் பெருங்குடல் இல்லையே! ஆகவே மலம் இளகியே இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 முறை கழியும். சிலருக்கு உறக்கத்தில் கசிவதும் உண்டு.

இங்குதான் லோப்பெரமைடு உதவுகிறது. இது அபினி இனத்தைச் சார்ந்த செயற்கை மருந்து. எனினும், உரிய அளவில் உட்கொண்டால் மூளைக்குள் எளிதில் செல்வதில்லை. குடற்சுவரின் நரம்புகளில் செயற்பட்டு அசைவைத் தணிக்கிறது. உணவு மெல்ல நகர்வதால் நீர் உறிஞ்சப்பட நேரம் கிடைக்கிறது. குதத்தின் சுருக்குத்தசையும் சற்று இறுகுகிறது. இரவில் உறக்கம் கலைவது குறைகிறது.

திடீரெனப் போக்கு மிகுந்தால், பையில் அழற்சி தோன்றியிருக்கலாம். அப்போது வேண்டுவன மெட்ரோநிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளே. காரணம் அறியாமல் லோப்பெரமைடைக் கூட்டிக்கொண்டே போகலாகாது; அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பே தடுமாறும்.