உங்களுக்குத் தெரியுமா? ஒரே மெஷின், காதுக்குக் காது வேறு சத்தம்!

தாத்தாவின் காது மெஷினை அதே செட்டிங்கில் கைக்குழந்தைக்கு மாட்டினால், குழந்தையின் செவிப்பறைக்குச் சத்தம் அதிகமாகப் போய்ச் சேரும். காரணம், குழந்தையின் காதுக் குழாய் சிறியது. இடம் குறையக் குறைய ஒலியின் அழுத்தம் கூடும்.

• அதனால்தான் மெஷினைக் கவனமாகப் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), மெல்லிய ஒரு குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, அங்கே எவ்வளவு சத்தம் எட்டுகிறது என்று அளக்கிறார். வலிக்காது, சிலருக்குக் கூசும். எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

• வாயைத் திறந்து மூடும்போது காதுக் குழாயின் வடிவமே மாறும். அதனால், மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சைச் செய்ய அளவு எடுக்கும்போது சிலரை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்வார்கள்.

• குழந்தைகளுக்குக் காது வளர வளர அச்சும் மாற வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறைகூடப் புதிது தேவைப்படலாம்.

• மெஷினில் சிவப்புக் குறி இருந்தால் வலது காது, நீலம் என்றால் இடது.

• மாட்டியதும் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கிறதா? அடைபட்ட காதுக்குள் குரல் சிக்கிக்கொள்கிறது. அச்சில் சிறு துளை இட்டால் பெரும்பாலும் குறையும்.

புதுச் சத்தங்களுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் நாளே கழற்றி டப்பாவில் போட்டுவிடாதீர்கள். மறுபடி போய் செட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள்.