கிடார் வாங்கியாயிற்று, ஆம்ப் எது வாங்குவது?

ஆடி பிறந்துவிட்டால் நம் சங்கத்து வீடுகளில் ஒத்திகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். துர்கா பூஜைப் பந்தலில் ஒரு நிகழ்ச்சி, தீபாவளிக்கு ஒன்று, பிறகு பொங்கல் விழா என்று தை மாதம் வரை மெல்லிசைக் குழுவினருக்கு ஓய்வில்லை. அந்த நாட்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. "சார், பையன் கிடார் கற்றுக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் மேடையேறுகிறான். ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். நூறு வாட் என்கிறான், மாடல் நம்பர் என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை."

கொல்கத்தாவில் இப்படிப்பட்ட கேள்விகள் எழுவதில் வியப்பில்லை. கிவ்சன் கிடார் செய்யப்படும் ஊர் இது. உஷா உதுப், அன்றைய உஷா ஐயர், பார்க் தெரு டிரிங்காஸில் பாடிப் புகழ்பெற்ற ஊர். லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் நடந்தால் வரிசையாக வாத்தியக் கடைகள். நம் பிள்ளைகள் வங்காளி நண்பர்களோடு சேர்ந்து கிடார் பழகுவதும், பிறகு நம் மேடையில் வந்து வாசிப்பதும் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் காட்சி. நாற்பது ஆண்டுகளாக இங்கே குழுக்களில் கிடார் வாசித்து வருபவன் என்ற உரிமையில், பெற்றோர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளைகள் படித்தால் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும்.

முதலில் நூறு வாட் விவகாரம். வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக, 10 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், கேட்பவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். இதில் ஸ்பீக்கரின் பங்கும் பெரிது. அதே மின்சாரத்தில் ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட 3 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், காசு கொடுக்காமலே வாட்டை இரட்டிப்பாக்கிய மாதிரி.

நம் மேடைகளை நினைத்துப் பாருங்கள். இருநூறு பேர் உட்காரும் அரங்கம், அல்லது பூங்காவில் போட்ட பந்தல். எங்கே ஆனாலும் மைக்செட்காரர் இருப்பார். ஆம்ப் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் கிடார் ஒலி கடைசி வரிசை வரை அவருடைய பெட்டிகள் வழியாகப் போய்விடும். ஆம்ப்பின் வேலை, வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்பது மட்டுமே. அதற்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று பொருத்திய 40 அல்லது 50 வாட் டிரான்சிஸ்டர் பெட்டி தாராளம். வீட்டில் மட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு 10 வாட்டே அதிகம். பக்கத்து வீட்டு மாஷிமாவைக் கேட்டால் சொல்வார்.

அடுத்தது வால்வா, டிரான்சிஸ்டரா என்ற கேள்வி. வால்வு ரேடியோவின் முன் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு வால்வின் இனிமையை விளக்க வேண்டியதில்லை. கிடார் உலகில் இன்றும் அதற்குத்தான் மரியாதை. குமிழை ஏற்ற ஏற்ற ஒலி கரகரப்பாக உடைந்து ஒரு தனி இனிமை வரும்; ராக் இசையின் குரலே அதுதான். ஆனால் வால்வு தேய்கிற பொருள். மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு போனால் ஓரிரு வருடங்களில் பவர் வால்வை மாற்ற வேண்டிவரலாம். ஸ்பீக்கர் இணைப்பு விட்டுப்போன நிலையில் ஓட்டினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். சாந்தினி மார்க்கெட்டில் வால்வு செட் பழுதுபார்க்கத் தெரிந்த பெரியவர்கள் முன்பு பலர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை.

கனமும் இருக்கிறது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற புகழ்பெற்ற வால்வு பெட்டி 85 வாட், எடை ஏறக்குறைய 29 கிலோ. பெயரைக் கேட்டால் கிடார்காரர்கள் கும்பிடுவார்கள். மாடிப்படியில் தூக்கச் சொன்னால் காணாமல் போவார்கள்.

நம் பாட்டுகளுக்கு அந்தக் கரகரப்பு எவ்வளவு தேவை என்பதையும் யோசிக்க வேண்டும். நம் மேடையில் கிடார்காரரிடம் மறுபடி மறுபடி கேட்கப்படும் பாட்டுகள் எவை? 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. வங்காளி நண்பர்கள் வந்திருந்தால் 1973-ஆம் ஆண்டின் 'சுரா லியா'. எல்லாமே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்க வேண்டியவை. இந்தத் தெளிவுக்குப் பெயர் வாங்கியதே ஒரு டிரான்சிஸ்டர் பெட்டிதான்: 1975-இல் வெளிவந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120. அதுவும் கனமான பெட்டிதான், அதை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. டிரான்சிஸ்டர் என்றாலே மட்டம் என்று கடையில் யாராவது சொன்னால், இந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது டிஜிட்டல் பெட்டிகள்தான் அதிகம் விற்கின்றன. பல வால்வு பெட்டிகளின் ஒலியைக் கணக்கிட்டுப் போலி செய்பவை. 2016-இல் அறிமுகமான பாஸ் கட்டானா வரிசை இதற்கு நல்ல உதாரணம். அதன் 50 வாட் பெட்டி சுமார் 12 கிலோ. வாட்டைக் குறைத்துக்கொள்ள ஒரு குமிழ் உண்டு, ஆகவே வீட்டுக்கும் மேடைக்கும் அதுவே ஆகும். சங்கத்துப் பிள்ளைகளில் இருவர் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே குறை, பழுதானால் நம்மூர் மெக்கானிக் கைவைக்க முடியாது. போர்டையே மாற்ற வேண்டிவரும். சர்வீஸ் யார் செய்வார்கள், எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அண்ணன் வீட்டிலிருந்தோ சித்தப்பா வீட்டிலிருந்தோ ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கே வாங்கியதை இங்கே நேராகச் செருகினால் ஒரு நொடி சத்தமாகக் கேட்கும், பிறகு புகை வரும். நண்பர் ஒருவரின் மருமகன் நியூ ஜெர்சியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பெட்டிக்கு ஒத்திகையின்போது இந்தக் கதி நேர்ந்தது. பெட்டியின் பின்புறம் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் கவலையில்லை. 120 என்று மட்டும் இருந்தால், பெட்டி இழுக்கும் மின்சாரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் ஒரு கனமான மூட்டைதான். ஜப்பானில் விற்கும் பெட்டி என்றால் 100 வோல்ட்.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டும்.

மின்சார கிடாரின் தந்திகள், கேபிளின் வழியாக ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. அந்தச் சட்டம் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். எர்த் இல்லாமல் உள்ளே ஒரு கசிவும் இருந்தால், தந்தியில் மின்சாரம் நிற்கும். வாசிப்பவர் பாடவும் செய்பவரானால் அவருடைய உதடு மைக்கைத் தொடும். மைக் வேறொரு பெட்டி வழியாக எர்த் ஆகியிருக்கும். கையிலிருந்து உதடு வரை மின்சாரம் பாய வழி கிடைத்துவிடுகிறது, நடுவில் இதயம் இருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஸ்டோன் தி க்ரோஸ் என்ற குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976-இல் தம் வீட்டில் கிடார் வாசிக்கும்போது இதே போல இறந்தார்.

நம் பந்தல்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஈரப் புல்தரை. வெறும் ஒயரை சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி இறுக்கியிருப்பார்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்திருப்பார்கள். கேட்டால், "அதைப் போட்டால் உய்ங் என்று இரைச்சல் வருகிறது, தாதா" என்பார்கள். சில வருடங்களுக்கு முன் புறநகர்ப் பந்தல் ஒன்றில் எங்கள் குழுவின் பையன், பதினாறு வயது, பாடப் போனவன் மைக்கில் வாய்பட்டதும் இரண்டடி பின்னால் தூக்கியெறியப்பட்டான். உதட்டில் ஒரு கறுப்புப் புள்ளியோடு தப்பினான். அவன் அம்மா முன்வரிசையில் இருந்தார். அன்று முதல் எங்கள் குழு வைத்திருக்கும் வழக்கங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

மூன்று சிறு விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் ஒன்று எங்கள் பையில் எப்போதும் இருக்கும். எர்த் இல்லை என்று அது காட்டினால், பந்தல் எலக்ட்ரீஷியன் சரிசெய்யும்வரை பெட்டியைத் திறப்பதில்லை. நிகழ்ச்சி அரைமணி தாமதமானால் ஆகட்டும். மேடையில் உள்ள ஆம்ப், கீபோர்டு, மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுப்போம். வெவ்வேறு ஃபேஸிலிருந்து எடுத்தால் கோளாறு ஏற்படும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மைக்செட்காரரிடம் டி.ஐ. பாக்ஸ் கேட்க வேண்டும். அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஒலிக் கம்பியின் இணைப்பை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. எர்த் பின்னை ஒடிப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். ஆம்ப் வாங்கும் பட்ஜெட்டில் இதற்கும் டெஸ்டருக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக்குப் பெட்டி வாங்குங்கள்.

ஜெனரேட்டர் இன்னொரு தலைவலி. பக்கத்து ஐஸ்கிரீம் வண்டியின் ஃப்ரீசர் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். டிரான்சிஸ்டர் பெட்டி ஒரு கணம் முனகிவிட்டுத் தொடரும். டிஜிட்டல் பெட்டி சில சமயம் அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சரணத்தின் நடுவே பையன் மரமாக நிற்பான். ஒலிக்கென்று தனி லைன் தரும்படி விழா அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பிள்ளையின் சொந்தக் கிடாரைக் கொண்டுபோங்கள். கடைக்காரரின் விலையுயர்ந்த கிடாரில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஒலிக்கும். இருபது நிமிடமாவது வாசிக்கச் சொல்லுங்கள், சத்தத்தை முக்கால் பங்கு ஏற்றி. பிறகு வாசிக்காமல் நிறுத்தி, இரைச்சலைக் கேளுங்கள். கேபிள் செருகும் ஜாக்கை ஆட்டிப் பாருங்கள். உலோக நட்டுப் போட்டு இறுக்கியிருந்தால் உழைக்கும், வெறும் பிளாஸ்டிக்காக ஆடினால் ஒரு வருடத்தில் தகராறு செய்யும். மேடையில் ஆம்ப் செத்துவிட்டது என்று சொல்லப்படும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் போயிருப்பது ஜாக், கேபிள், ஃபியூஸ் இந்த மூன்றில் ஒன்றுதான். மாற்றுக் கேபிள் ஒன்றும், அதே அளவு ஃபியூஸ் நான்கும் வாங்கி வையுங்கள். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றும் வித்தை வேண்டாம்.

பிறகு, பிள்ளையையே பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து வரச் சொல்லுங்கள். மஞ்சள் அம்பாசடர் டாக்ஸியின் டிக்கியில் ஒரு ஆர்கெஸ்ட்ராவையே ஏற்றிய காலம் போய்விட்டது. அந்தக் கார் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. இப்போது கூப்பிட்டால் வரும் கார்களில் பலவற்றின் டிக்கியில் எரிவாயு சிலிண்டர்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளை வாசிப்பது மரக் கிடாராக இருந்து, அதில் பிக்அப் மட்டும் பொருத்தியிருந்தால், இத்தனை செலவும் வேண்டாம். மின்சார கிடாருக்கான ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாக அமுக்கிவிடும். மரக் கிடாரின் மினுமினுப்பு முழுவதும் அதற்கு மேலேதான் இருக்கிறது. டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்கி நேராக மிக்ஸரில் கொடுத்தால் போதும். கீபோர்டையும் பாடகர் மைக்கையும் கிடார் ஆம்ப்பில் செருகுவதும் இதே காரணத்தால் சரிப்படாது. "ஒரு பெட்டி வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் ஆகுமே" என்று கேட்கும் தந்தையர்க்கு இது வருத்தமான செய்திதான்.

மழைக்காலத்தில் பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைக்காதீர்கள், ஒரு மணையாவது போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. குமிழ்கள் கரகரத்தால் எண்ணெய் விடக் கூடாது. அதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் என்று தெளிப்பான் சாந்தினியில் கிடைக்கிறது.